இல்லாத ஐந்து வாத்துகள் குறித்து என்மீது நானே கொடுக்கும் புகார்

அனுப்புநர்:
முடிதிருத்துநர்,
பாலத்தடி சலூன்,
ஆற்றங்கரைத் தெரு.
(தையல் கடைக்கு இடப்புறம். தெருவில் நின்று கடையைப் பார்ப்பவருக்கு இடப்புறம் என்று கொள்ளவும்.)

பெறுநர்:
பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
ஆற்றுப் பறவைகள் பிரிவு,
இரண்டாம் மாடி, நீர்வளக் கட்டடம்.

பொருள்: கணக்கெடுப்பில் பதினொன்று என்று பதிவான ஆற்று வாத்துகள் உண்மையில் ஆறு மட்டுமே என்பதைத் தெரிவித்தல் – தவறு செய்தவர்மீது நடவடிக்கை கோருதல் – வரும் ஒன்றாம் தேதி முதல் மதகைத் தடையின்றித் திறக்கலாம் என்ற ஆணையை நிறுத்திவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. எனக்கு வழங்கப்பட்ட தங்கள் பாராட்டுச் சான்றிதழ்.
2. பாதுகாப்பு விலக்கு குறித்த தங்கள் ஆணை.
3. தங்கள் பதிவேட்டு எழுத்தர் பதினெட்டாம் தேதி நேரில் வழங்கிய அறிவுரை.

மதிப்பிற்குரிய அலுவலர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

1. இந்த மனுவில் புகார் கொடுப்பவன் நான். புகாருக்கு உள்ளானவனும் நானே. வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு ஆளில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக முடி திருத்தும் தொழில் செய்கிறேன். என்மீது இதுவரை ஒரே ஒரு புகார்தான் வந்திருக்கிறது. அதுவும் நான் அதிகம் பேசுகிறேன் என்பதுதான். இம்மனு சற்று நீளமாக இருந்தால் அந்தப் பழைய புகாரையும் இத்துடன் சேர்த்து விசாரித்துக்கொள்ளலாம்.

2. எங்கள் ஆற்றில் வாழும் வாத்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த மனு தங்கள் மேசையிலிருந்து வேறு மேசைகளுக்குப் போகக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குளத்தில் மிதக்கும் வாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஓடுகிற தண்ணீரில்தான் வாழும். கல்லுக்குக் கல் தாவி, கல்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் புழுக்களை மேய்ந்து, வயிறு நிறைந்ததும் ஆற்று நடுவில் ஒரு பாறையில் ஏறி, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும். ஆண் விசிலடிக்கும். பெண் உறுமும். என் மனைவி இதை இயற்கையின் நியாயம் என்கிறார். ஒரு ஜோடி ஒரு மைல் ஆற்றைத் தன் வீடு என்று வைத்துக்கொண்டால் சாகும்வரை அந்த ஒரு மைல்தான். தண்ணீர் கலங்கினாலோ, திடீரென்று பொங்கினாலோ, அவை வேறு இடம் பார்த்துப் போவதில்லை. அங்கேயே இருந்து குறைந்துபோகும்.

3. அதனால்தான் தங்கள் அலுவலகம் ஒரு விதி வைத்திருக்கிறது. ஆற்றில் முழு வளர்ச்சி பெற்ற வாத்துகள் பத்துக்கு மேல் இல்லையென்றால், முட்டையிடும் பருவமான மூன்று மாதங்களுக்கு மேலணை மதகைச் சக்கரத்தில் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திறக்கக்கூடாது. பத்துக்கு மேல் போய்விட்டால் அந்தத் தடை இல்லை. நல்ல விதி. அந்தப் பத்தைத் தாண்டவைத்தது ஆறோ, வாத்தோ அல்ல, நான்தான் என்பதே இம்மனுவின் சாரம்.

4. கணக்கெடுக்கும் முறையைச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, முட்டைப் பருவத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலணையில் தொடங்கிப் பாலம் வரைக்கும் நடப்போம். ஒரு கரையில் ஒருவர், மறு கரையில் இன்னொருவர். கையில் பைனாகுலர், ஒரு தாள், ஒரு பென்சில். ஒவ்வொரு வாத்துக்கும் இரண்டு காலிலும் வண்ண வளையம் உண்டு. எந்தக் காலில் எந்த வண்ணம் என்பதுதான் அதன் முகவரி. இடது சிவப்பு, வலது வெள்ளை என்றால் ஒரு வாத்து. இடது வெள்ளை, வலது சிவப்பு என்றால் அது வேறு வாத்து. தாளில் செல்லப்பெயர் எழுதக்கூடாது, வளையம் மட்டுமே எழுத வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் உறையில் ஒட்டித் தனித்தனியாக அனுப்ப வேண்டும். இரண்டு தாளிலும் ஒரே வளையம் இருந்தால் ஒரு வாத்து. வேறு வேறாக இருந்தால் இரண்டு வாத்து. இப்படித்தான் தங்கள் அலுவலகம் கூட்டுகிறது. இதில் ஒரு குறையும் இல்லை.

5. சென்ற ஆண்டு வரை ஒரு கரையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நடந்தார். மறு கரையில் என் மனைவி. அவர் தொழிலால் தையல்காரர். கூடு பார்க்கவும் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர். நான் அவருக்குப் பின்னால் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, “அதோ, அதோ” என்று கை காட்டிக்கொண்டு போவேன். எழுதுவது அவர் வேலை. இந்த ஆண்டு தலைமையாசிரியருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அவர் இடத்துக்கு யார் என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டபோது, “நான் இருக்கேனே, எனக்குத் தெரியாத வாத்தா” என்று முன்னால் போய் நின்றவன் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதைப் புகாரில் முதல் குற்றமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

6. முதல்முறையாக எனக்கென்று ஒரு தாள். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் ஆற்றையே நான்தான் தோண்டியதாக நினைத்திருப்பீர்கள். ஆறு வாத்துகள் பார்த்தேன். ஆறையும் எழுதினேன். எதிர்க்கரையில் என் மனைவியும் ஆறு பார்த்து ஆறு எழுதினார். தாளைப் பற்றிப் பேசக்கூடாது என்ற விதியை நாங்கள் இருவரும் கடைப்பிடித்தோம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு விஷயத்தை நாங்கள் பேசாமல் விட்டது அது ஒன்றுதான். அதைப் பேசியிருந்தால் இந்த மனுவே தேவைப்பட்டிருக்காது.

7. அடுத்த மாதம் தங்கள் கடிதம் வந்தது. ஆற்றில் பதினொரு வாத்துகள். பழைய ஆறுடன், இந்த ஆற்றின் பதிவேட்டில் இல்லாத வளையங்களுடன் ஐந்து புதிய வாத்துகள். அவை பக்கத்து ஆற்றிலிருந்து குடிபெயர்ந்து வந்திருக்கலாம் என்று தங்கள் பதிவேட்டு எழுத்தர் குறிப்பு எழுதியிருந்தார். அந்த ஐந்தையும் கண்டு எழுதியவன் என்பதால் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ், சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, நடுவில் ஒரு வாத்தின் வண்ணப்படத்தோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் அதைக் காட்டி, பிறகுதான் துணி போர்த்தினேன்.

8. என் மனைவிக்கு அப்போதே ஒரு நெருடல் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். “நான் ஆறுதானே பார்த்தேன். அந்த அஞ்சும் உங்க கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார். “என் கரை ராசியான கரை” என்று சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கேட்காமல் விட்டது என் இரண்டாம் குற்றம்.

9. அந்தப் புதிய ஐந்துக்கும் நானே பெயர் வைத்தேன். மாப்பிள்ளை, மேஸ்திரி, சுருட்டை, குட்டி மந்திரி, ஐந்தாவதுக்கு அவசரக்காரி. பழையவை எங்கே ஒதுங்கின, புதியவை எங்கே மேய்கின்றன என்று நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். மேஸ்திரி கொஞ்சம் கோபக்காரர் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். எதை வைத்துச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

10. இம்மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு மேலணை மதகுக்காரர் முடிவெட்ட வந்தார். மதகின் சக்கரத்தைச் சுற்றுவது அவர் வேலை. வலப்பக்கம் முடித்துவிட்டு, சீப்பை மாற்றிப் பிடிக்கும்போது அவர் சொன்னார்: “உங்க புண்ணியத்துல வாத்து பெருகிடுச்சாமே அண்ணே. வர்ற ஒண்ணாம் தேதியிலேர்ந்து படகு சவாரிக்கு தினம் ரெண்டு வேளை மதகைத் திறக்கணுமாம். ஒவ்வொரு வேளைக்கும் ரெண்டு சுத்து. ஆர்டர் வந்துருச்சு.” அவர் குரலில் சந்தோஷமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நான்தான் பெருமையில், “பின்னே என்ன, பதினொண்ணு இருக்கே” என்றேன்.

11. அவர் நேர் எதிரே சுவர்க் கண்ணாடி. சான்றிதழ் எங்கள் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. கண்ணாடியில் அந்தப் படத்தைக் காட்டி அவர் கேட்டார்: “அதோ நிக்கிறாரே, அவர்தானே உங்க தலைவரு? சிவப்பு எந்தக் கால்ல?” தலைவர் என்பது பாலத்துக்கு மேலே வசிக்கும் ஆண் வாத்தின் செல்லப்பெயர். நான் கண்ணாடியைப் பார்த்து, “இடது” என்றேன். பிறகு, அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று திரும்பிப் போய்ப் படத்தின் மேலேயே கத்தரி நுனியை வைத்து, “இதோ, வலது” என்றேன். மதகுக்காரர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். “என்னண்ணே, ஒரே வாத்துக்கு நாலு கால் வச்சுட்டீங்க” என்றார்.

12. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபத்தாறு வருஷமாக என்னை நேருக்கு நேர் பார்க்கும் முகங்களை எல்லாம் நான் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணாடியைப் பார்ப்பவனுக்கு, தன் இடக்கைப் பக்கம் தெரிவதுதான் அவருடைய இடது காது. அதில் தவறே வராது. ஆனால் ஆற்றில் கண்ணாடி இல்லை. வாத்து உண்மையாகவே எதிரே நிற்கும். நாங்கள் மேலணையிலிருந்து கீழ்நோக்கி நடந்தோம். வாத்துகள் வழக்கப்படி தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்றன. ஆகவே ஆறு வாத்துகளும் என்னைப் பார்த்தே நின்றன. என் இடக்கைப் பக்கம் தெரிந்த காலை எல்லாம் நான் இடது கால் என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். அது ஒவ்வொரு வாத்துக்கும் வலது கால்.

13. என் மனைவியின் தொழில் வேறு. அவர் முன்னால் ஆள் நேராக நிற்கும். அளவு டேப்பை எடுத்து அந்த ஆளின் இடது தோள், அந்த ஆளின் வலது கை என்றுதான் எழுதுவார். மாற்றி எழுதினால் சட்டை ஒரு பக்கம் இறங்கிவிடும். அவர் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு முடிதிருத்துநரையும் ஒரு தையல்காரரையும் ஆற்றின் இரு கரைகளில் நடக்கவிட்டால், ஆறு வாத்து பதினொன்றாகும். ஏன் பன்னிரண்டாகவில்லை என்று தாங்கள் கேட்கலாம். பெண் வாத்து ஒன்றுக்கு இரண்டு காலிலும் மஞ்சள் வளையம். அதை எப்படி மாற்றி எழுதினாலும் மஞ்சள்தான். மஞ்சளம்மா என்று அதற்குப் பெயர். இந்தக் கணக்கெடுப்பில் என்னிடமிருந்து தப்பித்த ஒரே ஜீவன் அதுதான்.

14. நான் கத்தரியைக் கையில் பிடித்தபடியே பக்கத்துத் தையல் கடைக்கு ஓடினேன். கழுத்தில் துணி போர்த்தியபடி மதகுக்காரர் பின்னால் ஓடிவந்தார். விவரத்தைச் சொன்னேன். என் மனைவி எழுந்து வந்து, என்னை நேராக நிறுத்தி, தன் கையை உயர்த்தி, “இது என் எந்தக் கை?” என்றார். நான் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “கல்யாணத்தன்னிக்கு எந்தக் கையைப் பிடிச்சோம்னாவது தெரியுமா உங்களுக்கு?” என்றார். பிறகு மதகுக்காரர் ஒன்றாம் தேதியைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். மஞ்சளம்மா இம்மாதம் இரண்டாம் தேதியிலிருந்து பாறையில் காணப்படவில்லை. அதாவது அடைகாக்கிறது. முப்பத்தைந்து நாள் கணக்கு. குஞ்சு பொரிப்பது அடுத்த மாதம் ஆறாம் தேதி வாக்கில். மதகு திறப்பது ஒன்றாம் தேதி.

15. மறுநாள் பதினெட்டாம் தேதி காலை, கடையைத் திறக்காமல் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தாங்கள் வெளியூர்க் கூட்டத்தில் இருந்தீர்கள். பதிவேட்டு எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். டீகூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குத்தான் அவரிடம் படிவம் இருந்தது. குறைப்பதற்கு ஒரே வழி இறப்புப் படிவம்தானாம். வாத்து ஒன்றுக்கு ஒரு படிவம், இறந்த இடம், இறந்த நாள், காரணம், உடல் கிடைத்ததா இல்லையா. “அஞ்சுக்கும் பூர்த்தி பண்ணிக் குடுங்க, நாளைக்கே கழிச்சுடறேன்” என்றார். அவை இறக்கவில்லை, பிறக்கவே இல்லை என்றேன். அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். அந்தத் தலைக்கும் நான்தான் முடி வெட்டுகிறேன். அவ்வளவு நேரம் அவர் சொறிந்து நான் பார்த்ததில்லை.

16. அவர் சொன்ன ஆலோசனைதான் இது: “பதிவேட்டைத் திருத்தணும்னா ஒரு புகார் வேணும் சார். புகார் வந்தா விசாரணை வரும், விசாரணை வந்தா ஆர்டரை நிறுத்தி வைக்க அம்மாவுக்கு அதிகாரம் இருக்கு. யார் மேலயாவது புகார் குடுங்க.” யார் மேல் என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். நல்ல மனிதர். அவர்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

17. ஆபத்து எவ்வளவு என்று தங்களுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நேற்று இருபத்தொன்றாம் தேதி என் மனைவியும் மதகுக்காரரும் கூட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மஞ்சளம்மா மாலையில் அரை மணி நேரம் மேய எழுந்து போகும். அந்த நேரத்தில் போனார்கள். கூடு கரையோர வேர்களுக்கு அடியில், கை எட்டாத ஆழமான ஒரு பொந்துக்குள். என் மனைவி அளவு டேப்பைப் பிடித்துப் பார்த்ததில், பொந்தின் வாயிலிருந்து தண்ணீர் வரை இருபத்தொரு அங்குலம். மதகைச் சக்கரத்தில் இரண்டு சுற்றுத் திறந்தால் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று மதகுக்காரரைக் கேட்டார். முப்பது அங்குலம் என்றார். என் மனைவி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாராம். திரும்பி வரும் வழியில் மதகுக்காரர், “சக்கரத்தைச் சுத்தப்போறது என் கைதானே அக்கா” என்றாராம்.

18. பொந்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க என்னுடைய கைக்கண்ணாடியைத்தான் கொண்டுபோனார்கள். முடிவெட்டி முடித்ததும் பின்னந்தலையைக் காட்டுவேனே, அந்தக் கண்ணாடி. அதை ஒரு நீளக் குச்சியில் கட்டி உள்ளே நீட்டிப் பார்த்திருக்கிறார் என் மனைவி. முட்டைகள் எத்தனை என்று எண்ணினார். திரும்பி வந்து எண்ணைச் சொன்னபோது நான் கடை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த எண்ணை நான் இங்கே எழுதவில்லை. இந்த வருஷம் நான் எழுதிய எண் எதையும் தாங்கள் நம்பக்கூடாது. என் மனைவியே கீழே சாட்சியாக எழுதிக் கையெழுத்திடுவார்.

19. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தவறு தெரிந்த அன்று எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, துக்கம். மாப்பிள்ளையும் மேஸ்திரியும் சுருட்டையும் குட்டி மந்திரியும் அவசரக்காரியும் ஒரே நிமிஷத்தில் இல்லாமல் போய்விட்டார்கள். இல்லாத வாத்துக்காக ஒரு மனிதன் வருத்தப்படலாமா என்று தாங்கள் கேட்கலாம். நான் வருத்தப்பட்டேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. சான்றிதழைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். ஒரு வாடிக்கையாளர் வந்து, “மேஸ்திரி எப்படி இருக்கார்?” என்று வழக்கம்போல் விசாரித்தார். நலமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யையும் இத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

20. ஆகவே தாங்கள் அன்புகூர்ந்து கீழ்க்கண்டவற்றைச் செய்துதர வேண்டுகிறேன். பதிவேட்டில் பதினொன்று என்பதை ஆறு என்று திருத்த வேண்டும். திருத்தும் வரை, ஒன்றாம் தேதி மதகு திறக்கும் ஆணையை நிறுத்திவைக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் போதாது, குஞ்சுகள் பறக்கப் பழகும்வரை, பருவம் முழுக்கத் தடை வேண்டும். படகு சவாரி நடத்துபவரிடம் நானே பேசினேன். அவரும் என் வாடிக்கையாளர்தான். “லெட்டர் மட்டும் வரட்டும், எனக்கென்ன, பருவம் முடிஞ்சதும் விட்டுக்கறேன்” என்றார். இனிவரும் கணக்கெடுப்புத் தாள்களில் “வாத்தின் இடது கால்” என்று தெளிவாக அச்சிட்டு, பக்கத்தில் ஒரு படமும் போட வேண்டும். தொழிலால் கண்ணாடி முன் நிற்பவர்கள் யாராவது கணக்கெடுக்க முன்வந்தால் முதலில் ஒரு சிறு தேர்வு வைக்க வேண்டும். என்மீது என்ன நடவடிக்கை என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். அடுத்த ஆண்டு என்னைத் தண்ணீர்ப் பாட்டில் தூக்க மட்டும் அனுமதித்தாலும் போதும். ஆற்றுப் பக்கம் வரவே கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

21. இம்மனுவைத் தங்களிடம் நேரில் கொண்டுவருபவர் மதகுக்காரர். அவர் தொப்பியைக் கழற்றச் சொன்னால் கழற்றுவார். வலப்பக்கம் வெட்டியிருக்கும், இடப்பக்கம் வெட்டாமல் இருக்கும். (அவருடைய வலம், அவருடைய இடம். இதை மனைவியிடம் சரிபார்த்துவிட்டேன்.) பதினேழாம் தேதி நான் கத்தரியோடு ஓடியபோது நின்ற வேலை அது. மறுநாளே மீதியை வெட்டிவிடக் கூப்பிட்டேன். அவர் உட்காரவில்லை. “லெட்டர் வரட்டும் அண்ணே, அப்புறம் ஒரேயடியா வெட்டிக்கலாம்” என்கிறார். அவர் வீட்டில் இதைப் பற்றிப் பெரிய சண்டை நடப்பதாகக் கேள்வி. வேலைக்குப் போகும் இடத்தில் பொறியாளர்கூட ஒருமாதிரி பார்த்தாராம். ஆகவே தங்கள் பதிலை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினால், ஒரு வாத்துக் குடும்பத்தோடு ஒரு மனிதக் குடும்பமும் நிம்மதி அடையும். கடையில் நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறேன்.

நீண்ட மனுவைப் பொறுமையாகப் படித்தமைக்கு நன்றியும், இப்படி ஒரு மனு எழுத நேர்ந்தமைக்கு வருத்தமும் தெரிவித்து, தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

புகார்தாரரும் குற்றம் சாட்டப்பட்டவரும்,
(ஒப்பம்)
முடிதிருத்துநர், பாலத்தடி சலூன்

இடம்: ஆற்றங்கரைத் தெரு
நாள்: இம்மாதம் இருபத்திரண்டு

இணைப்புகள்:
1. என் கணக்கெடுப்புத் தாளின் நகல் (தவறானது).
2. என் மனைவியின் கணக்கெடுப்புத் தாளின் நகல் (சரியானது).
3. தங்கள் பாராட்டுச் சான்றிதழ், சட்டத்துடன். நடுவிலிருந்த தலைவரின் படத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன். விளிம்பு சுத்தமாக இருக்கிறது. கத்தரி பிடிப்பதில் எனக்குக் குறை இல்லை.

சாட்சி:
மேற்கண்ட மனுவை முழுக்கப் படித்துப் பார்த்தேன். சொன்னது எல்லாம் உண்மை. இடது, வலது வரும் இடங்களை நான் திருத்தியிருக்கிறேன். கூட்டைக் கண்ணாடியில் பார்த்துத்தானே எண்ணினேன் என்று சந்தேகம் வேண்டாம். கண்ணாடி இடதை வலதாக்கும், ஒன்றை இரண்டாக்காது. மூன்று முறை எண்ணினேன். முட்டை ஐந்து. இவர் தொலைத்துவிட்டதாகச் சாப்பிடாமல் இருந்த ஐந்து பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். இன்னும் பதினைந்து நாள் தண்ணீர் ஏறாமல் இருந்தால் வெளியே வந்துவிடுவார்கள். பெயர்கூட வைத்தாயிற்று.

(ஒப்பம்)
தையல்காரர், மேற்படியாரின் மனைவி